நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சமா?

இன்டர்ன்ஷிப் கிடைச்சதும் அப்பா தன்னோட பழைய கார் சாவியைக் கொடுத்தார். கூடவே ஒரு கண்டிஷன்: "பெட்ரோல் உன் காசு." தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியா சிறுசேரி. போக வர கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர். கூட வர்ற மூணு பேரும் ஷேர் கொடுத்தும் முதல் மாசம் ஸ்டைபண்ட் 20-ஆம் தேதியே காலி. "கார் பழசுப்பா, அதான் குடிக்குது"ன்னு சொன்னேன். அப்பா ஒரு நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது ஒரே ஒரு வரி: "கார் குடிக்கலடா, உன் கால்தான் குடிக்குது."

கடுப்பாத்தான் இருந்தது. ஆனா நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிருக்கோமே, கணக்குப் போட்டுப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன்.

நாலு பேரோட என் கார் சுமார் 1,200 கிலோ. 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதோட இயக்க ஆற்றல் சுமார் 167 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் இருக்கு. அதில் கால்வாசி சக்கரத்துக்கு வந்தாலே பெரிய விஷயம், மிச்சம் வெப்பமா போயிடும். அப்படின்னா 60-க்கு ஏத்திட்டு பிரேக் அடிச்சு நிறுத்துற ஒவ்வொரு தடவையும் சுமார் 20 மில்லி பெட்ரோலை பிரேக் டிஸ்க்கைச் சூடாக்க மட்டும் செலவு பண்றோம். ஒரு நாளைக்கு 30 தடவை இப்படி நிறுத்தினா 600 மில்லி! மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆரில் 30 எல்லாம் ரொம்பக் கம்மி.

ஆக, மைலேஜைத் தின்கிறது பெரும்பாலும் தேவையில்லாத பிரேக்தான். தூரத்தில் சிவப்பு சிக்னல் தெரியுதா, அப்பவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துடுங்க. முன்னாடி போற பஸ்ஸோட பின்பக்கத்தை ஒட்டிப் போகாம கொஞ்சம் இடைவெளி விடுங்க. இடைவெளி இருந்தா பாதி பிரேக் தேவையே படாது.

இங்கேதான் எல்லாரும் சொல்ற ஒரு டிப்ஸ் வரும்: "இறக்கத்துல நியூட்ரல்ல விடு, பெட்ரோல் மிச்சம்." அப்பாவும் இதைத்தான் செய்வார். கார்புரேட்டர் காலத்தில் அதுக்கு ஒரு அர்த்தம் இருந்தது. இப்போ இருக்கிற இன்ஜெக்‌ஷன் கார்களில் கதை தலைகீழ். கியரில் இருக்கும்போது காலை எடுத்தா, சக்கரமே இன்ஜினைச் சுத்த வைக்கும். அதைப் பார்த்து ஈ.சி.யூ. பெட்ரோலை முழுசா நிறுத்திடும். ஆர்.பி.எம். ஐடில் பக்கத்தில் இறங்கினப்புறம்தான் மறுபடி கொடுக்கும். நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணைஞ்சிடாம இருக்க பெட்ரோல் ஊத்திக்கிட்டே இருக்கணும். இன்ஜின் பிரேக்கிங்கும் போயிடும், அது ஆபத்து. இறக்கத்தில் சாவியை ஆஃப் பண்றது அதைவிட மோசம். பவர் ஸ்டீயரிங் வேலை செய்யாது, பிரேக்கும் கல்லு மாதிரி ஆகிடும்.

அடுத்தது சிக்னல். சின்ன பெட்ரோல் கார் சும்மா நிக்கும்போதே ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏசி ஓடினா இன்னும் கூட. திரும்ப ஸ்டார்ட் பண்ண ஆகிற பெட்ரோல் சுமார் 10 விநாடி ஐடிலுக்குச் சமம். டைமர் 60 காட்டினா தயங்காம ஆஃப் பண்ணிடுங்க.

வேகம்? காத்தோட எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனா அது 56 சதவீதம் அதிகம். காலியான ரோடு கிடைச்சதுன்னு மிதிச்சுட்டு, அடுத்த சிக்னலில் போய் நிக்கறதில் ரெண்டு பக்கமும் நஷ்டம்.

பராமரிப்பு விஷயத்தில் எது உண்மை, எது பில்டப்னு பிரிச்சுப் பார்க்கணும். டயரில் 1 பி.எஸ்.ஐ. குறைஞ்சா மைலேஜ் சுமார் 0.2 சதவீதம்தான் குறையும். சின்ன நம்பர்தான். ஆனா என் காரில் நாலு டயரிலும் 8 குறைவா இருந்தது. காத்து அடிக்க பெருசா செலவில்லை, டயரும் சீக்கிரம் தேயாது. எவ்வளவு அடிக்கணும்னு டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கரில் இருக்கும். வண்டி சூடாகிறதுக்கு முன்னாடி அடிங்க.

ஏர் ஃபில்டர் மாத்தினா மைலேஜ் எகிறும்னு கடையில் சொல்வாங்க. இன்ஜெக்‌ஷன் காரில் அடைச்ச ஃபில்டரால் பிக்கப்தான் குறையும், மைலேஜ் பெருசா மாறாதுன்னு அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதிச்சுச் சொல்லியிருக்கு. இன்ஜின் நல்லதுக்காக மாத்துங்க, மைலேஜுக்காக இல்லை.

யாரும் கவனிக்காத ஒண்ணு, பிரேக் ஜாம். பிரேக்கை அதிகம் பிடிக்காம கொஞ்ச தூரம் ஓட்டிட்டு இறங்கி, சக்கரம் பக்கத்தில் கையைக் கொண்டு போங்க, தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் எதிர்ப்பக்கத்தைவிட ரொம்பச் சூடா இருந்தா, பிரேக் விடாம பிடிச்சுக்கிட்டே ஓடுதுன்னு அர்த்தம். மெக்கானிக்கிடம் உடனே காட்டுங்க. எனக்கு பின்பக்க இடது சக்கரம் அப்படித்தான் இருந்தது.

ரெண்டு மாசத்தில் 13-ஆ இருந்த மைலேஜ் 15.5 ஆச்சு. மாசம் 1,200 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் மிச்சம், அதாவது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஆஃபீஸுக்குப் போய்ச் சேர்ற நேரம்? ரெண்டு மூணு நிமிஷம்கூட மாறலை. அப்பா சொன்னது சரிதான். நியூட்ரல் விஷயத்தில் மட்டும் நான் ஜெயிச்சேன், அவர் இன்னும் ஒத்துக்கலை.

நீங்களும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்க. பம்ப் தானா கட் ஆகிற வரைக்கும் டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. 300 கிலோமீட்டராவது ஓட்டிட்டு அதே பம்பில் அதே மாதிரி நிரப்புங்க. ஓட்டின கிலோமீட்டரை ரெண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுத்தா அதுதான் உங்க உண்மையான மைலேஜ். அடுத்த டேங்க்கில் பிரேக்கை மட்டும் கொஞ்சம் குறைச்சு ஓட்டிட்டு, மறுபடி வகுத்துப் பாருங்க.