ஹாபி நல்லாத்தான் இருக்கு... கடைகள் ஏன் மூடப்படுகின்றன? பிரிட்டன் மாடல் கடைகளின் கதை

2024 ஜனவரி தொடக்கத்தில் பிரிட்டனின் ஹாட்டன்ஸ் நிறுவனம் கடையை மூடுவதாக அறிவித்தது. 1946-ல் லிவர்பூலில் சாதாரணக் கடையாகத் தொடங்கி, பின்னாளில் பக்கத்து ஊரான விட்னஸுக்கு இடம் மாறிய நிறுவனம் அது. விற்றது மாடல் ரயில்கள். 78 வருஷத்து வியாபாரம். திவாலாகவில்லை, நாங்களே முறைப்படி மூடுகிறோம் என்றார்கள்.

இத்தனைக்கும் ஹாட்டன்ஸ் தெருமுனைப் பெட்டிக்கடை அல்ல. ஆன்லைனில் தள்ளுபடி விலைக்கு விற்று, நாட்டின் பெரிய மாடல் ரயில் வியாபாரிகளில் ஒன்றாக வளர்ந்தது. ‘இவங்க விலைக்கு நம்மால கொடுக்க முடியாதே’ என்று சின்னக் கடைக்காரர்கள் அலுத்துக்கொண்டதெல்லாம் இப்படிப்பட்ட நிறுவனங்களைப் பார்த்துத்தான். அப்படி ஒரு பெரிய கையே மூடிவிட்டுப் போகிறது என்றால், சின்னக் கடைகளின் நிலை என்ன?

பொம்மைக் கடைதானே?

இல்லை. அங்கே விற்கும் மாடல் ரயில்களில் பெரும்பாலானவை ‘டபுள் ஓ’ அளவு. நிஜ ரயிலில் 76-ல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். விமான மாடல்களில் பிரபலமான அளவு 72-ல் ஒரு பங்கு. ஆறடி ஆள் அதில் இரண்டரை சென்டிமீட்டர் உயரம்தான் இருப்பார். அவரது சட்டைக்கு எந்தப் பச்சை அடிப்பது என்பதற்குக்கூட ஹம்ப்ரோல் பெயின்ட்டில் தனித்தனி எண்கள் உண்டு. 33 என்றால் மேட் கறுப்பு, 34 என்றால் மேட் வெள்ளை. பழைய வாடிக்கையாளர்கள் நிறத்தைச் சொல்ல மாட்டார்கள், எண்ணைத்தான் சொல்வார்கள்.

கடையின் ஒரு சுவர் முழுக்க இந்த மாதிரிச் சில்லறைச் சாமான்தான். பெயின்ட் டப்பா, பிளாஸ்டிக் பசை, பித்தளைக் கம்பி, தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் குட்டித் தகடு, இன்ஜினுக்கான டிஜிட்டல் சிப். இன்னொரு பக்கம் ரேடியோ கன்ட்ரோல் கார்களுக்கான ஸ்பேர் பார்ட்ஸ். சனிக்கிழமை சாயங்காலம் காரின் முன்பக்கக் கை உடைந்துபோய், ஞாயிறு காலையில் ரேஸ் என்றால் கூரியரை நம்பிப் பிரயோஜனம் இல்லை. பெயின்ட் விஷயம் அதைவிடச் சிக்கல். எளிதில் தீப்பற்றும் பெயின்ட்டையும் ஸ்ப்ரே கேன்களையும் தபாலில் அனுப்பக் கடும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. விமானத்தில் அனுப்புவது இன்னும் கஷ்டம்.

ஆக, இந்தச் சுவருக்குக் கடை வேண்டும். ஆனால் வாடகை இந்தச் சுவரிலிருந்து வராது.

200 பவுண்ட் இன்ஜினில் என்ன மிச்சம்?

வாடகைக்குப் பணம் வர வேண்டியது பெரிய பெட்டிகளிலிருந்து. நல்ல விவரங்களோடு செய்த ஒரு நீராவி இன்ஜின் மாடல் இன்று 200 பவுண்டைத் தாண்டிவிடுகிறது. நம்ம ஊர்க் கணக்கில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். ஓர் உதாரணத்துக்கு, 200 பவுண்ட் பெட்டியைக் கடைக்காரர் 10 சதவீதம் தள்ளுபடியில் 180-க்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 20 சதவீத வாட் வரி அடக்கம். அரசுக்கு 30 பவுண்ட் போகும். மீதி 150. அதிலிருந்து தயாரிப்பாளரின் விலையைக் கொடுத்து, கார்டு மிஷின் கட்டணம், வாடகை, கரன்ட் பில், சம்பளம் எல்லாம் பார்க்க வேண்டும். தள்ளுபடி தராவிட்டால்? வாடிக்கையாளர் பெட்டியைத் திறந்து, இன்ஜினைக் கையில் வாங்கி, சக்கரத்தை உருட்டிப் பார்த்து, இரண்டு சந்தேகமும் கேட்டுவிட்டு, வாசலைத் தாண்டியதும் போனில் ஆர்டர் போட்டுவிடுவார். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனவர்களுக்கு இது தெரியாத கதை இல்லை.

அதற்காக வாடிக்கையாளரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. சரக்கு வரும் விதமே மாறிவிட்டது. ஹார்ன்பி நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றியது. மற்ற பெயர்கள் பலவும் அதே பாதைதான். ஒரு மாடலை அறிவிப்பார்கள், முன்பதிவு வாங்குவார்கள், ஒரே தவணையாகச் செய்து கப்பலில் ஏற்றுவார்கள். தீர்ந்துவிட்டால் அடுத்த தவணை எப்போது என்று சொல்ல முடியாது. சின்னக் கடைக்காரர் பல மாதங்களுக்கு முன்பே ‘இது எத்தனை போகும்’ என்று குறிபார்க்க வேண்டும். கூடுதலாகச் சொன்னால் பணம் அலமாரியில் முடங்கும். குறைவாகச் சொன்னால் அவரிடம் இருபது வருஷமாக வாங்குபவருக்கே கையை விரிக்க வேண்டும்.

போதாக்குறைக்கு, தயாரிப்பாளர்களே தங்கள் வெப்சைட்டில் நேரடியாக விற்கிறார்கள். கடைக்காரருக்குச் சரக்கு தருபவரே அவருக்குப் போட்டி! ஹாட்டன்ஸ் அளவுக்குப் பெரிய வியாபாரிக்கும் இதிலிருந்து தப்பிக்க வழியில்லை.

ஹாபி செத்துவிட்டதா?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இதுதான்: ‘வயசானவங்க பொழுதுபோக்கு, அவங்களோட முடிஞ்சிடும்.’ ரயில் மாடல் வாங்குவோரில் தலை நரைத்தவர்கள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதே பிரிட்டனில், நாட்டிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற நிறுவனம் விற்பதும் ஒட்டிப் பெயின்ட் அடிக்கும் குட்டி பிளாஸ்டிக் பொம்மைகளைத்தான். ‘வார்ஹேமர்’ என்றால் பலருக்குத் தெரிந்திருக்கும். 2024 டிசம்பரில் அது லண்டன் பங்குச்சந்தையின் எஃப்டிஎஸ்இ 100 பட்டியலில் நுழைந்தது. வங்கிகள், எண்ணெய் நிறுவனங்களோடு ஒரே வரிசையில்!

கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. இந்த நிறுவனத்துக்கு உலகம் முழுக்க 500-க்கும் மேற்பட்ட சொந்தக் கடைகள் இருக்கின்றன, வெப்சைட்டும் உண்டு. அப்படியும் 2023-24 நிதியாண்டில் அதன் பொம்மை விற்பனையில் பாதிக்கும் மேல் அடுத்தவர்களின் கடைகள் வழியாகத்தான் நடந்தது. அவற்றில் ஆன்லைன் வியாபாரிகளும் உண்டு, ஊருக்குள் இருக்கும் சின்னக் கடைகளும் உண்டு. அந்தச் சின்னக் கடைகள் பலவற்றில் பின்பக்கம் மேஜை போட்டிருப்பார்கள். பசங்க சாயங்காலம் வந்து ஆடுவார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொள்வார்கள், போகும்போது ஒரு பெயின்ட் வாங்குவார்கள்.

ரயில், விமான மாடல் உலகம் இழந்தது இந்த வாசலைத்தான். 1952-ல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பல் மாடலைப் பையில் போட்டு 2 ஷில்லிங்குக்கு விற்றது, வுல்வொர்த்ஸ் கடைகளில். அம்மாவோடு சாமான் வாங்கப்போன பையன் பாக்கெட் மணியில் வாங்கிவரக்கூடிய விலை. 2009 ஜனவரியோடு பிரிட்டனில் வுல்வொர்த்ஸ் மொத்தமாக மூடப்பட்டது. 2013-ல் மாடல்சோன் என்ற சங்கிலிக் கடையும் போனது. ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு ஆன்லைன் வசதி. தெரியாத பத்து வயசுப் பிள்ளை கூகுளில் எதைத் தேடும்?

பழசுக்கு வந்த மவுசு

தாக்குப்பிடிக்கும் கடைகள் பலவும் செய்வது பழைய சரக்கு வியாபாரம். நாற்பது வருஷம் சேர்த்தவர் இறந்துபோகிறார். பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டிகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. காரில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். எது அரியது, எதன் மோட்டார் தேறாது என்று பார்த்ததும் சொல்ல ஆள் வேண்டுமே! வரியும் இங்கே கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. பழைய பொருளுக்கு பிரிட்டனில் லாபத்துக்கு மட்டும் வாட் கட்டும் முறை உண்டு. 60 பவுண்டுக்கு வாங்கி 100-க்கு விற்றால், வரி அந்த 40-க்குள்தான், ஏழு பவுண்டுக்கும் குறைவு. அதோடு ரிப்பேர் வேலை, பழைய இன்ஜினில் சிப் பொருத்தும் வேலை. இவை எதற்கும் தயாரிப்பாளரின் முன்பதிவுப் பட்டியல் தேவையில்லை.

சிக்கல், இந்தத் திறமை முழுக்க ஒருவர் தலைக்குள் இருப்பதுதான். முதலாளி ஓய்வு பெற நினைக்கும்போது சரக்கை வாங்க ஆள் வருகிறார்கள். கடையை எடுத்து நடத்தத்தான் ஆள் இல்லை.