ஓர் எழுத்தைத் திருத்தினாலும் உலகத்துக்கு உபகாரம்!
கம்ப்யூட்டர் கையேடுகளில் பிழை களையும் தொண்டர்கள்

பத்திரிகை அலுவலகங்களில் ‘புரூப் ரீடர்’ என்று ஒருவர் இருப்பார். கட்டுரை எழுதியவர் பெயர் அச்சாகும். படம் எடுத்தவர் பெயரும் அச்சாகும். காலும் கொம்பும் புள்ளியும் சரியாக இருக்கின்றனவா என்று கண் வலிக்கப் பார்த்தவர் பெயர் மட்டும் எங்கும் வராது. ஆனால் அவர் ஒரு நாள் லீவு எடுத்தால் மறுநாள் ஊர் சிரித்துவிடும்.

கம்ப்யூட்டர் உலகிலும் இத்தகைய புரூப் ரீடர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆபீஸ் கிடையாது. ஹெல்சின்கியில் ஒருவர், ஹைதராபாத்தில் ஒருவர் என்று உலகெங்கும் பரவிக் கிடக்கிறார்கள். ‘ஓப்பன் சோர்ஸ்’ எனப்படும் திறந்த மூல மென்பொருள்களின் விளக்கக் கையேடுகளில் உள்ள எழுத்துப் பிழைகளைத் தேடித் திருத்துவதே அவர்கள் செய்யும் தொண்டு.

திறந்த மூலம் என்றால் என்ன?

சாதாரணமாக ஒரு கம்பெனி தயாரிக்கும் மென்பொருளின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை வாங்கியவர் பார்க்க முடியாது. திறந்த மூல மென்பொருள் அப்படியில்லை. அதன் மூல வரிகள் எல்லாருக்கும் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நகல் எடுக்கலாம், மாற்றலாம், உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.

1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய ‘லினக்ஸ்’ இதற்குச் சிறந்த உதாரணம். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளத்தில் ஓடுவதும் அந்த லினக்ஸ்தான். சுமார் ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு முறை அதன் புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கைவண்ணம் இருக்கிறது.

இத்தனை பேர் எழுதினால் பிழை வராமல் இருக்குமா? எழுதுபவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழியும் அல்ல. மேலும், புரோகிராம் எழுதுவதில் காட்டும் அக்கறையை அதை விளக்கும் கையேட்டில் காட்டுபவர்கள் குறைவு. எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை தெரிவதும் இல்லை. மனத்தில் இருப்பதையே கண் படித்துக்கொண்டு போய்விடும். புதிதாகப் படிக்க வருபவர்தான் தடுக்கி விழுவார். ஆகவே பிழை பிடிப்பதற்குப் புதியவரே பொருத்தமானவர்.

சரித்திரம் படைத்த பிழைகள்

ஒரு பிழையை உரிய காலத்தில் திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பிழைகள் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இன்டர்நெட்டில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது, எங்கிருந்து வருகிறோம் என்ற தகவலையும் கம்ப்யூட்டர் சேர்த்து அனுப்பும். அதற்கு ‘ரெஃபரர்’ என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் நடுவில் ‘ஆர்’ என்ற எழுத்து இரண்டு முறை வர வேண்டும். 1996இல் வெளியான விதிமுறை ஆவணத்தில் ஒரே ஒரு ‘ஆர்’தான் இருந்தது. அன்று புழக்கத்தில் இருந்த எழுத்துப் பிழை பார்க்கும் புரோகிராமுக்குச் சரியான சொல்லும் தெரியாது, தவறான சொல்லும் தெரியாது. பிழை தப்பிவிட்டது.

அதற்குள் உலகெங்கும் உள்ள மென்பொருள்கள் அந்தத் தவறான எழுத்துகளையே எதிர்பார்த்து எழுதப்பட்டுவிட்டன. இனித் திருத்தினால் எல்லாம் நின்றுபோகும். எனவே 2022இல் வெளியிடப்பட்ட புதிய விதிமுறையிலும் தவறு தவறாகவே நீடிக்கிறது. பின்னாளில் உருவான இன்னொரு தொடர்புள்ள விதியின் பெயரில் மட்டும் இரண்டு ‘ஆர்’ போட்டுச் சரியாக எழுதியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பெயர் பிழையாகவும் தம்பி பெயர் சரியாகவும் பதிவான கதைதான்!

இரண்டாவது, யூனிக்ஸ் என்ற புகழ்பெற்ற அமைப்பில் உள்ள ‘கிரியேட்’ கட்டளை. அதன் கடைசியில் இருக்க வேண்டிய ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து விடுபட்டிருக்கிறது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனிடம், மறுபடியும் செய்வதாக இருந்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்தச் சொல்லில் ‘ஈ’ சேர்ப்பேன் என்று வேடிக்கையாகச் சொன்னார் என்பது கம்ப்யூட்டர்காரர்கள் மத்தியில் பிரசித்தம்.

சின்னப் பிழை, பெரிய நஷ்டம்

‘அர்த்தம் புரிந்தால் போதாதா, எழுத்து எப்படி இருந்தால் என்ன?’ என்று சிலர் கேட்கலாம். கதைப் புத்தகத்துக்கு அது ஓரளவு பொருந்தும். கையேட்டுக்குப் பொருந்தாது. கையேட்டைப் படிப்பவர் அதில் உள்ள கட்டளையை அப்படியே பார்த்துத் தட்டுகிறார். அதில் ஓர் எழுத்து மாறியிருந்தால் கம்ப்யூட்டர் கேட்காது. அனுபவசாலி சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார். முதல் முறை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த பிள்ளை, தப்பு தன்னுடையது என்று நினைத்து எழுந்து போய்விடும்.

தேடுவதற்கும் பிழை இடைஞ்சல். பல லட்சம் வரிகளுக்குள் ஒரு சொல்லைத் தேடும்போது, பிழையாக எழுதப்பட்ட இடம் தேடலில் சிக்காது. லினக்ஸ் குழுவினர் சிறு திருத்தங்களுக்கு ஒரு தனிப் பிரிவே வகுத்து வைத்திருந்தனர். கையேட்டுப் பிழைகளும், தேடலைக் கெடுக்கக்கூடிய பிழைகளும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றிருந்தன.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. மென்பொருள் எழுதுபவர்கள் தங்களுக்கு வேண்டிய சில பகுதிகளை இன்டர்நெட்டில் உள்ள பொதுக் கிடங்குகளிலிருந்து பெயர் சொல்லி வரவழைக்கிறார்கள். 2017 ஜூலையில் ஒரு விஷமி, ‘என்பிஎம்’ என்ற கிடங்கில் ஒரு போலிச் சரக்கை வைத்தார். பிரபலமான ‘கிராஸ்-என்வ்’ என்ற பெயரில் நடுவில் உள்ள சிறு கோட்டை மட்டும் நீக்கி அதற்குப் பெயர் சூட்டியிருந்தார். கோடு போட மறந்து பெயரைத் தட்டியவர்களின் கம்ப்யூட்டரிலிருந்து ரகசியத் தகவல்களைச் சுருட்டிக்கொண்டு போவது அதன் வேலை. ஆகஸ்டில் குட்டு வெளிப்பட்டு, போலிச் சரக்கு நீக்கப்பட்டது. கையேட்டில் ஒரு கோடு விடுபட்டால் வாசகர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

எப்படித் திருத்துகிறார்கள்?

ரயில்வே விதிப் புத்தகங்களுக்கு அவ்வப்போது ‘திருத்தச் சீட்டு’ வரும். எந்தப் பக்கம், எந்தப் பத்தி, எதை எடுத்துவிட்டு எதைப் படிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். சீட்டை உரிய இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மென்பொருள் உலகின் ‘பேட்ச்’ என்பதும் கிட்டத்தட்ட அதுதான். பழைய வரி எது, புதிய வரி எது, ஏன் மாற்றம் என்று எழுதி, அந்தப் பகுதியைப் பராமரிப்பவருக்கு அனுப்ப வேண்டும். லினக்ஸ் குழுவுக்கு ஈ-மெயிலில் அனுப்புவார்கள். 2008இல் தொடங்கிய ‘கிட்ஹப்’ போன்ற தளங்களில் உள்ள திட்டங்களுக்குச் சில பட்டன்களை அழுத்தினால் போதும். பராமரிப்பவர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டால், அனுப்பியவரின் பெயரோடு திருத்தம் நிரந்தரமாகப் பதிவாகிவிடும்.

மனிதக் கண்ணுக்கு உதவியாகக் கருவிகளும் உண்டு. யூனிக்ஸ் அமைப்புக்கு 1975இலேயே எழுத்துப் பிழை பார்க்கும் புரோகிராம் வந்துவிட்டது. இன்று லினக்ஸின் மூல வரிகளோடு, அடிக்கடி நேரும் பிழைகளின் பட்டியல் ஒன்றும் சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. இடது பக்கம் தவறு, வலது பக்கம் சரி. ‘ரிசீவ்’ என்ற சொல்லில் ‘ஈ’, ‘ஐ’ எழுத்துகள் இடம் மாறுவது, ‘செபரேட்’ என்பதில் ‘ஏ’ வர வேண்டிய இடத்தில் ‘ஈ’ வருவது என்று நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிரம்படி வாங்கித் தந்த பிழைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. வெள்ளைக்காரனும் அங்கேதான் தடுக்கி விழுகிறான் என்பதில் நமக்கு ஓர் ஆறுதல்!

பிழைக்குப் பரிசு

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு க்னூத் கம்ப்யூட்டர் துறையின் பிதாமகர்களில் ஒருவர். தம் புத்தகங்களில் முதலாவதாகப் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் பரிசு என்று அறிவித்தார். அது என்ன கணக்கு? 256 என்பது கம்ப்யூட்டர்காரர்கள் பயன்படுத்தும் பதினாறின் அடிப்படையிலான எண் முறையில் 100 ஆகும். ஆகவே 256 சென்ட் அவருக்கு ‘ஒரு டாலர்’!

அவர் உருவாக்கி இலவசமாக வழங்கிய ‘டெக்’ என்ற அச்சுக் கோக்கும் மென்பொருளில் பிழை கண்டால் பரிசு ஆண்டுதோறும் இரு மடங்காக உயர்ந்து, 327.68 டாலரில் வந்து நின்றது. பரிசு பெற்ற பலர் செக்கை பாங்கில் போடவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். பாங்குக் கணக்கு மோசடிகளின் காரணமாக 2008இல் அவர் நிஜ செக் கொடுப்பதை நிறுத்தி, கற்பனை பாங்கு ஒன்றின் பேரில் சான்றிதழ் வழங்கத் தொடங்கினார். அதற்கும் மவுசு குறையவில்லை.

சட்டைக்காக வந்த வெள்ளம்

பரிசு எப்போதும் நன்மையே செய்யும் என்று சொல்வதற்கில்லை. ‘டிஜிட்டல் ஓஷன்’ என்ற அமெரிக்க நிறுவனம் 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற விழா நடத்தி வருகிறது. 2020இல், திறந்த மூலத் திட்டங்களுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்புவோருக்கு டி-ஷர்ட் இலவசம் என்று அறிவித்திருந்தது.

அந்த ஆண்டு நம் நாட்டிலிருந்து வெளியான ஒரு யூடியூப் வீடியோ, ஒரு கையேட்டில் உருப்படியில்லாத சொற்களைச் சேர்த்து அனுப்புவது எவ்வளவு சுலபம் என்று காட்டியது. பார்த்தவர்களில் பலர் அப்படியே செய்தார்கள். ‘அற்புதமான திட்டம்’ என்று தலைப்பில் இரண்டு சொல்லைச் சேர்த்து அனுப்பினார்கள். பிழை இல்லாத வரிகளைப் பிழையாக்கியவர்களும் உண்டு. சம்பளம் இல்லாமல், ராத்திரி நேரத்தில் திட்டங்களைப் பராமரித்து வந்தவர்கள் இந்தக் குப்பை வெள்ளத்தில் திணறினார்கள். அக்டோபர் முதல் வாரத்திலேயே விதி மாற்றப்பட்டது. தாமாகச் சம்மதம் தெரிவிக்கும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் சேரும் என்று அறிவித்தார்கள். 2023இல் டி-ஷர்ட்டுக்குப் பதிலாக டிஜிட்டல் பேட்ஜ் மட்டுமே கொடுத்தார்கள்.

இதில் நஷ்டம் யாருக்கு? நாலு பேர் செய்த காரியத்தால், உண்மையிலேயே பிழை திருத்தி அனுப்பிய நம் பிள்ளைகளையும் அந்நியர்கள் சந்தேகக் கண்ணோடு பார்க்கும்படி ஆயிற்று. ஒரு திருத்தம் ஓர் எழுத்தே ஆனாலும், அதை ஒருவர் திறந்து படிக்க வேண்டும், சரி பார்க்க வேண்டும், பதில் எழுத வேண்டும். அவருடைய நேரத்துக்கும் விலை உண்டு.

கவனிக்க வேண்டியவை

இந்தத் தொண்டில் பழகியவர்கள் கடைப்பிடிக்கும் சில முறைகள் உண்டு. பிழை புதிய பதிப்பிலும் இருக்கிறதா, வேறு யாராவது ஏற்கெனவே திருத்தி அனுப்பிவிட்டார்களா என்று முதலில் பார்த்துக்கொள்வார்கள். ஒரே கையேட்டில் பத்துப் பிழை இருந்தால் பத்துக் கடிதம் போடாமல் சேர்த்து அனுப்புவார்கள். பிரிட்டிஷ் முறை எழுத்தை அமெரிக்க முறைக்கு மாற்றுவதைத் திருத்தம் என்று நினைக்கமாட்டார்கள். முக்கியமாக, கட்டளைகளின் பெயரில் கை வைக்கமாட்டார்கள். மேலே சொன்ன ‘கிரியேட்’ கட்டளையில் விட்டுப்போன ‘ஈ’யை ஆர்வக்கோளாறில் ஒருவர் கையேட்டில் சேர்த்துவிட்டால், அதைப் பார்த்து எழுதப்படும் புரோகிராம் ஓடாது!

தமிழுக்கும் வேலை இருக்கிறது

பெங்களூரில் 2001இல் ‘லினக்ஸ் பெங்களூர்’ என்ற மாநாடு தொடங்கியது. 2005 முதல் ‘ஃபாஸ்.இன்’ என்ற பெயரில் தொடர்ந்து, 2012 வரை நடந்தது. வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்களைப் பங்களிப்பவர்களாக மாற்ற வேண்டும் என்பது அதன் அமைப்பாளர்கள் பின்னாளில் வலியுறுத்திய கருத்து. பங்களிக்க என்ஜினீயரிங் பட்டம் வேண்டும் என்று பலர் நினைத்துத் தயங்குகிறார்கள். கையேட்டுப் பிழையைத் திருத்தப் பொறுமையும் மொழியறிவும் போதும்.

பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற மென்பொருள்கள் இன்று தமிழிலும் கிடைக்கின்றன. மொழிபெயர்த்தவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். ஆங்கிலப் பிழை பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தமிழுக்கு விரல் விட்டு எண்ணலாம். கருவிகளும் முழுதாகக் கைகொடுப்பதில்லை. ஒரு வினைச்சொல்லே நம் மொழியில் நூற்றுக்கணக்கான வடிவங்கள் எடுக்கும். அத்தனையையும் பட்டியலில் அடைப்பது எளிதல்ல.

‘அழி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘அளி’ என்று வந்துவிட்டால் என்ன ஆகும்? ஒருவருக்குக் கொடுப்பதாக நினைத்துப் பட்டனை அழுத்துவார். எழுதி வைத்ததெல்லாம் காணாமல் போகும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் சொற்பட்டியலை மட்டும் பார்க்கும் கருவி இதைக் கண்டுபிடிக்காது. ழகரமும் ளகரமும் அறிந்த மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் வீடுகளில், தமிழ் படித்துவிட்டு ரிட்டயர் ஆன பெரியவர்களும் இருக்கிறார்கள், கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாத்தா பிழையைச் சொல்ல, பேத்தி திருத்தி அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும்.