ரெட்டைப் பிள்ளைக்கு எத்தனை மாதம் லீவு?



ரெட்டைப் பிள்ளை என்றதும் கேட்பவர்கள் எல்லோரும் "ஒரே செலவுல ரெண்டு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. லீவை எப்போது தொடங்குவது, எத்தனை மாதம் எடுப்பது, அதற்கப்புறம் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று மூன்று கேள்வி வந்து நிற்கும். என் தங்கை வீட்டில் இந்த மூன்றுக்கும் நாங்கள் பதில் தேடிய விதத்தை எழுதுகிறேன். யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

நான் பிளஸ் டூ வரை படித்துவிட்டு வீட்டோடு இருப்பவள். தங்கை மதுரையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். அப்போது சம்பளம் 22,000 ரூபாய். அதில் 9,500 வீட்டுக் கடனுக்குப் போய்விடும். 2022-ல் அவளுக்கு முதல் பிரசவம். மூன்றாம் மாத ஸ்கேனிலேயே ரெட்டை என்று சொல்லிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு டீச்சர், "ஒரு வருஷம் லீவு உண்டே, எதுக்குக் கவலை?" என்றார். அவர் அரசுப் பள்ளியில் வேலை பார்ப்பவர். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. தனியாரில் 26 வாரம்தான். அதுவும் 2017-ல்தான் 12 வாரத்திலிருந்து 26 ஆக்கினார்கள். இப்போது பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொகுப்பு வந்துவிட்டது என்றாலும், அதிலும் அதே 26 வாரம்தான். ஒரு பிள்ளை பிறந்தாலும் 26, ரெண்டு பிறந்தாலும் 26. சட்டத்துக்கு ஒன்றும் ரெண்டும் ஒன்றுதான். பெற்றவளுக்குத்தான் ரெண்டு!

இந்த 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். எங்கள் அம்மா, "வளைகாப்பு முடிஞ்ச கையோட லீவப் போடு, ரெட்டை வயித்தோட ஸ்கூட்டரெல்லாம் ஓட்டக்கூடாது" என்று பிடிவாதம் பிடித்தார். டாக்டரம்மாவும், ரெட்டைப் பிள்ளைகள் பெரும்பாலும் 37 வாரம் முடிவதற்கு முன்னாலேயே பிறந்துவிடும், அதனால் ஓய்வு வேண்டும் என்றார். ஆனால் முன்னால் எடுக்கிற ஒவ்வொரு வாரமும் பின்னால் குறையுமே! தங்கை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் கணக்கில் ஈட்டிய விடுப்பு 18 நாள் சேர்ந்திருந்தது. 33 வாரம் முடிந்ததும் அதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அதில் 12 நாள் போவதற்குள் வலி கண்டு, ஆகஸ்ட் மாதம் சிசேரியனில் ஆண் ஒன்று, பெண் ஒன்று. பிரசவ லீவில் ஒரு நாள்கூட முன்னால் வீணாகவில்லை. 26 வாரமும் பிள்ளைகளோடு இருக்கக் கிடைத்தது.

ஐந்து வாரம் முந்திப் பிறந்ததால் ரெண்டும் ரெண்டு கிலோவை ஒட்டித்தான் எடை. 11 நாள் ஆஸ்பத்திரியிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார்கள். தங்கைக்குத் தையல் போட்ட இடம் ஆற நாளாயிற்று, ரத்தசோகை வேறு. வீட்டுக்கு வந்த பிறகு நான் ஒரு பழைய நோட்டில் எழுத ஆரம்பித்தேன். யாருக்கு எத்தனை மணிக்குப் பால், யாருக்குத் துணி மாற்றியது, யார் எவ்வளவு நேரம் தூங்கினது என்று. ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்கு மறந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதினேன். முதல் மாதம் ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து 18 தடவை பால் கொடுத்திருக்கிறாள். பச்சை உடம்புக்காரி எப்போது தூங்குவாள், சொல்லுங்கள்!

ஐந்தாம் மாதம் வந்தபோது பேச்சு கிளம்பியது. ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினோம். தங்கையின் மாமியார், "பேசாம வேலைய விட்டுரட்டும். பிள்ளைகள விட சம்பாத்தியமா பெருசு?" என்றார். மாப்பிள்ளை, "கடன் இருக்கேம்மா. 26 வாரம் முடிஞ்சதும் போகட்டும்" என்றார். தங்கை தலையைக் குனிந்துகொண்டு, "விட்டா திரும்பக் கிடைக்குமாக்கா?" என்று என்னைத்தான் கேட்டாள். அம்மா உடனே, "நீ எதுக்குடி அழுற? பெரியவ சும்மாதான இருக்கா. அவ பார்த்துக்குவா" என்று முடித்துவிட்டார்.

தோழிகளே, இந்த "சும்மாதான இருக்கா" என்ற வார்த்தையை நாம் எல்லோருமே கேட்டிருப்போம். எனக்கும் எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், சமையல் இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது. தங்கை பிள்ளைகளைப் பார்க்க எனக்குக் கசக்குமா? கசக்காது. ஆனால் தங்கை எத்தனை மாதம் லீவு எடுப்பது என்று பேசும்போது, அது முடிகிற நாளில் யாருடைய லீவு பறிபோகிறது என்பதையும் பேச வேண்டும் அல்லவா?

நான் நோட்டை எடுத்து வைத்தேன். "இதப் பாருங்க. ராத்திரி ஆளுக்கு மூணு தடவை முழிக்கிறாங்க, அதுவும் வேற வேற நேரத்துல. மொத்தம் ஆறு தடவை. இப்படி முழிச்சவ காலையில போய் எப்படிக் கணக்கு எழுதுவா? ஆறு மாசம் முடிஞ்சதும் தாய்ப்பாலோட கஞ்சி, பருப்புசாதம்னு ஆரம்பிக்கணும். ஒருத்தருக்கு ஊட்ட அரை மணி நேரம்னா ரெண்டு பேருக்கு ஒரு மணி நேரம். வேலை கூடுற நேரத்துல லீவு முடியுது" என்றேன். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

பிறகு நிதானமாகக் கணக்குப் போட்டோம். பிரசவத்தாலோ குறைமாதப் பிரசவத்தாலோ தாய்க்கு உடம்பு சரியில்லாமல் போனால், சான்றிதழ் கொடுத்து இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு லீவு பெறச் சட்டத்தில் இடம் உண்டு. டாக்டரம்மா தங்கையின் உடம்பு நிலையை எழுதிக் கொடுத்தார். அதில் மார்ச் பாதி வரை ஓடும். அதற்கப்புறம் ரெண்டு மாதம் சம்பளம் இல்லாத லீவு. 44,000 ரூபாய் நஷ்டம்தான். சீட்டுப் பணம் எடுத்தது கொஞ்சம் இருந்தது, கடன் தவணைக்கு அதை ஒதுக்கினோம். மே மாதம் என் பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை, ஆளுக்கு ஒன்றைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் மே நடுவில் வேலைக்குப் போவது என்று முடிவானது. மொத்தம் ஒன்பது மாதம்.

சம்பளமில்லா லீவு சட்டம் தருவது இல்லை, கம்பெனி சம்மதித்தால்தான் உண்டு. மேனேஜர் "பார்த்துக்கலாம்மா" என்று வாயால் சொன்னார். தங்கை விடவில்லை. எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புவாள், அதே இடம்தான் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளுக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை பாலுக்காகத் தினம் ரெண்டு இடைவேளை உண்டு என்பதையும் கேட்டு வாங்கினாள். அம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமாக இருந்தால் குழந்தைகள் காப்பகமும் கேட்கலாம். அங்கே முப்பது பேர்தான்.

தகப்பனுக்குத் தனியாரில் பிரசவ லீவு என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை தன் சொந்த லீவில் பத்து நாளை மிச்சம் பிடித்து, தங்கை வேலைக்குத் திரும்பிய வாரங்களில் எடுத்துக்கொண்டார். அது பெரிய உதவி.

அடுத்தது என் பங்கு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நான் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கிடையாது, துணி துவைக்க ஒரு ஆள் வைக்க வேண்டும், என் பேரில் போஸ்ட் ஆபீசில் மாதம் 2,000 ரூபாய் ஆர்.டி. கட்ட வேண்டும் என்றேன். அம்மா, "கூடப்பிறந்தவகிட்டயா காசு வாங்குவ?" என்று ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் மாப்பிள்ளை, "மதினி கேக்குறது நியாயம்தான். வெளிய ஆள் வச்சா பத்தாயிரம் ஆகும்" என்று அவரே போய்ப் பாஸ்புக் வாங்கி வந்தார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. தங்கை வேலைக்குப் போன மறுநாளிலிருந்து தன் டிபன் டப்பாவைத் தானே கட்டிக்கொள்கிறார்.

மே மாதம் நோட்டைப் பார்த்தபோது, பிள்ளைகள் ரெண்டு பேரும் ராத்திரி ஒரே சமயத்தில் முழித்து, ஒரே சமயத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கைக்கு ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம். இப்போது ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். தங்கை அதே நாற்காலியில் இருக்கிறாள்.

எல்லோருக்கும் ஒன்பது மாதம்தான் சரி என்று நான் சொல்லவில்லை. காலண்டரை மட்டும் பார்க்காமல், தாயின் உடம்பு தேறிவிட்டதா, ராத்திரித் தூக்கம் கிடைக்கிறதா, பகலில் பார்ப்பவர் மனசோடு சம்மதித்திருக்கிறாரா என்று மூன்றையும் பார்த்து நாள் குறியுங்கள். பார்த்துக்கொள்ளப் போகிற அம்மாவோ அக்காவோ மாமியாரோ, அவரிடம் முதலில் கேளுங்கள். அவரும் சும்மா இருப்பவர் இல்லை!

- ஒரு வாசகி, மதுரை.