மலை ரோட்டில் காப்பாற்றும் பழக்கம், தண்டவாளத்தில் காப்பாற்றாது!

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் பிறந்து வளரும் ஒரு பையனுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொள்வது பெரிய விஷயமே இல்லை. மண் பாதை, பாறை, மழையில் வழுக்கும் சரிவு எனக் கரடுமுரடான எல்லாமே அவனுக்குப் பழக்கம். காரவள்ளியில் இருந்து மேலே வரும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் அத்துப்படி.

ஆனால், ரயில்? அது மலையிறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள். காரவள்ளி, காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் எனக் கீழே இறங்கி, நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ போனால்தான் தண்டவாளமே கண்ணில் படும்.

மலைக்கு மட்டுமல்ல, நாமக்கல் நகரத்துக்கே ரயில் புதுசுதான். சேலம் – கரூர் பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2013-ல். இந்த ஊர்களில் இன்று 25 வயதைத் தாண்டிய பலர், சின்ன வயதில் உள்ளூரில் ரயில் பார்க்காமலேயே வளர்ந்தவர்கள். ரயில் வருவதற்கு முன்பே அங்கே வயல் பாதைகள் இருந்தன, மாட்டு வண்டித் தடங்கள் இருந்தன. பாதை வந்த பிறகும் கால்கள் பழைய வழியிலேயே போகின்றன. இப்போது கால்களோடு பைக் சக்கரங்களும் சேர்ந்துவிட்டன. அதோடு ஒரு செல்போன் கேமராவும்!

'காலியாகத்தானே கிடக்கு... கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தால் என்ன?' என்ற எண்ணம்தான் ஆபத்தின் முதல் படி.

நான்கு சக்கர மோகம்

ஏ.டி.வி. என்றால் இப்போது குழந்தைகளுக்கும் தெரியும். தடித்த நான்கு டயர்கள், பைக் போல ஹேண்டில்பார், காலைப் போட்டு உட்காரும் சீட். மலைவாசஸ்தலங்களிலும் கடற்கரைகளிலும் சாகச விளையாட்டு என்ற பெயரில் காசு கொடுத்து ஒரு ரவுண்டு ஓட்டுகிறோமே, அதே வண்டிதான்.

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் பல வீடுகளில் இந்த வண்டி உண்டு. அங்கே பலருக்கும் பிடித்த ஓட்டப் பாதை எது தெரியுமா? தண்டவாளத்தை ஒட்டிச் செல்லும் மண் பாதை. நேரான வழி, டிராஃபிக் கிடையாது, போலீஸ் கிடையாது. அதனால் விபத்துகளும் நடக்கின்றன. 1972-ல் ஐடஹோ மாநிலத்தில் தொடங்கிய 'ஆபரேஷன் லைஃப்சேவர்' என்ற ரயில் பாதுகாப்பு இயக்கம், ஏ.டி.வி. ஓட்டுபவர்களுக்கென்றே தனியாக எச்சரிக்கைப் பிரசாரம் செய்கிறது.

நம் ஊரில் ஏ.டி.வி. குறைவு. ஆனால் அதே ஆசை பைக்கிலும் ஜீப்பிலும் வருகிறது. 2024 நவம்பரில் ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ரீல்ஸ் எடுக்கும் ஆசையில், குடிபோதையில் இருந்த ஒருவர் தன் 'தார்' வண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றினார் என்று செய்திகள் வெளியாகின. மலையேறப் பெயர் போன வண்டி அது. ஆனால் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கிக்கொண்டது. எதிரே சரக்கு ரயில். ரயில் ஓட்டுநர் சரியான நேரத்தில் நிறுத்தியதால் அன்று உயிர்ச்சேதம் இல்லை. அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் எல்லா நாளும் வாய்க்காது.

2025 ஜூன் 26 அன்று, ஹைதராபாத்தை அடுத்த சங்கர்பள்ளி அருகே தண்டவாளத்தின் மீது ஒரு கார் சில கிலோமீட்டர் தூரம் ஓடியது. காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு காரால் அந்தத் தடத்தில் ரயில்களையே நிறுத்த வேண்டியதாயிற்று. தண்டவாளத்தில் ஏறும் ஒரு வண்டி, ஓட்டுபவரின் உயிரோடு மட்டும் விளையாடுவதில்லை. பின்னால் வரும் ரயிலில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

மலைக்கு ஒரு கணக்கு... ரயிலுக்கு ஒரு கணக்கு

மலைப் பாதையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு எழுதாத சில பாடங்கள் உண்டு. வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும். எதிர்ச் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும். மேலே ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். இந்தப் பாடங்கள்தான் 70 வளைவுகளிலும் உயிரைக் காக்கின்றன.

அவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். எதிரே வருபவராலும் பிரேக் போட முடியும், ஒதுங்க முடியும். தண்டவாளத்தில் அந்த அடிப்படையே இல்லை.

40 கி.மீ. வேகத்தில் வரும் பைக்கை 20, 25 மீட்டருக்குள் நிறுத்திவிடலாம். 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயில், அவசர பிரேக் போட்டாலும் முழுதாக நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் எடுத்துக்கொள்ளும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் ஓடுகிறது. உராய்வு குறைவு, எடையோ மலையளவு. நிறையச் சரக்கு ஏற்றிய நீளமான சரக்கு ரயிலின் எடை 4,000, 5,000 டன் வரைகூடப் போகும். வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் ஓட்டுநர் பிரேக் போட்டாலும், மோதிய பிறகுதான் ரயில் நிற்கும். ஒதுங்குவதற்கோ அவர் கையில் ஸ்டீயரிங்கே இல்லை.

110 கி.மீ. வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 30 மீட்டர். ஒரு பெட்டியின் முழு நீளத்தையும் ஒரு விநாடிக்குள் தாண்டிவிடும். 300 மீட்டர் தள்ளிக் கண்ணில் படும் ரயில், பத்தே விநாடிகளில் உங்கள் மேல் இருக்கும். செல்போனை பாக்கெட்டில் வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து, கியர் போடவே அந்த நேரம் போதாது.

இன்னொரு சிக்கல், நம் கண். பெரிய பொருள் நேராக நம்மை நோக்கி வரும்போது, அது மெதுவாக வருவது போலத்தான் தெரியும். 'இன்னும் தூரத்துலதான் இருக்கு' என்று மனசு சொல்லும். அந்த நம்பிக்கை பொய்.

'சத்தம் கேட்டா ஒதுங்கிடுவேன்!'

பலரும் சொல்லும் சமாதானம் இது. அந்தக் கால ரயில் என்றால் 'தடக் தடக்' சத்தம் தூரத்திலேயே கேட்டிருக்கும். தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளிதான் அந்தச் சத்தத்துக்குக் காரணம். இப்போது தண்டவாளங்களை நீளமாக வெல்டிங் செய்து இணைத்துவிடுகிறார்கள். டீசல் இன்ஜின் போய் மின்சார இன்ஜின் வந்துவிட்டது. ரயில் முன்னைவிட வேகமாகவும் வருகிறது, அமைதியாகவும் வருகிறது.

2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிவைக்கப்பட்ட மதுரை – பெங்களூரு வந்தே பாரத் ரயிலும் நாமக்கல் வழியாகத்தான் போகிறது. ஹெல்மெட்டுக்குள் காது, காலுக்குக் கீழே பைக் இன்ஜின் சத்தம், காதில் இயர்போன்... ரயில் வருவது எப்படிக் கேட்கும்?

'டைம் டேபிள் தெரியும், இப்போ ரயில் கிடையாது' என்பதும் தப்புக் கணக்கு. நாமக்கல் கோழிப் பண்ணைகளின் ஊர். தீவனத்துக்கான மக்காச்சோளம் போன்றவை சரக்கு ரயில்களில் வந்து இறங்குகின்றன. சரக்கு ரயிலுக்குப் பயணிகள் பார்க்கும் அட்டவணை கிடையாது. எந்த நேரத்திலும், எந்தத் திசையிலிருந்தும் வரலாம்.

ஓரமாகப் போனாலும் ஆபத்தா?

நம் அகல ரயில் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி 1,676 மில்லிமீட்டர், சுமார் ஐந்தரை அடி. அதன்மேல் ஓடும் பெட்டியின் அகலமோ பத்தரை அடிக்கும் மேல். அதாவது, தண்டவாளத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் சுமார் இரண்டரை அடி பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 'தண்டவாளத்தில் இல்லையே, பக்கத்தில்தானே நிற்கிறேன்' என்பவரை ரயில் அடித்துத் தள்ளுவது இப்படித்தான்.

ஏ.டி.வி.யின் நிலைமை இன்னும் மோசம். சுமார் நான்கு அடி அகலமுள்ள வண்டி, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். வெளியே வர, சுமார் அரை அடி உயர இரும்பின் மீது ஏற வேண்டும். டயருக்குக் கீழே நழுவும் ஜல்லி. குறுக்காக ஏறினால் கவிழும் அபாயம். பாதி ஏறிய நிலையில் இன்ஜின் நின்றுபோனால் வண்டியைத் தள்ளவும் முடியாது, தூக்கவும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி, 'ரயில்வே' என்றால் தண்டவாளம் மட்டுமல்ல. வேலி அல்லது எல்லைக் கற்களுக்கு உட்பட்ட நிலமும் ரயில்வேதான். பக்கத்து மண் பாதையும் அதில் அடங்கும். அதில் அத்துமீறி நுழைந்தால் 147-வது பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயணிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து ஏற்படும் என்று தெரிந்தே செய்தால் 153-வது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. ரீல்ஸுக்காகத் தண்டவாளத்தில் விளையாடுபவர்கள் மீது வழக்குப் பதியுமாறு 2024 நவம்பரில் ரயில்வே வாரியமும் உத்தரவிட்டது.

அபராதத்தைவிடக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. ரயில் விபத்து என்றாலே ரயில்வே இழப்பீடு தரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 124ஏ பிரிவு தரும் இழப்பீடு பயணிகளுக்கானது. அத்துமீறித் தண்டவாளத்தில் இருந்தவர் அதில் வர மாட்டார். வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்ட பிள்ளை போவான், கைக்கு எதுவும் வராது.

எண்ணிக்கை அல்ல, பிள்ளைகள்

ரயில் பாதுகாப்பை ஆராய அனில் ககோட்கர் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2012-ல் அறிக்கை கொடுத்தது. தண்டவாளத்தில் அத்துமீறுவதால் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் இறப்பதாக அது கணக்குச் சொன்னது. இந்த உயிரிழப்பை 'படுகொலை' என்றே அந்தக் குழு குறிப்பிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. 2019 நவம்பர் 13 இரவு, கோவை மாவட்டம் சூலூர் அருகே தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர்கள் மீது ஆலப்புழா – சென்னை எக்ஸ்பிரஸ் மோதியது. நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். படிக்க அனுப்பிய நான்கு வீடுகளுக்கு நள்ளிரவில் போன் போனது.

இதில் நாம் யோசிக்காத இன்னொரு மனிதர் இருக்கிறார்: ரயிலை ஓட்டும் லோகோ பைலட். ஹாரன் அடிக்கிறார், பிரேக் போடுகிறார். அதற்குமேல் அவரால் எதுவும் செய்ய முடியாது. கண் எதிரே நடப்பதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அந்த முகத்தை அவர் வீட்டுக்கும் சுமந்து போகிறார்.

இதை மட்டும் மறக்காதீர்கள்

* தண்டவாளத்தைக் கடக்க ரயில்வே கேட், மேம்பாலம், சுரங்கப்பாதை மட்டுமே வழி. கேட் மூடியிருந்தால் பைக்கைச் சாய்த்து அடியில் நுழைய வேண்டாம்.

* கேட் திறந்திருந்தாலும் வேகத்தைக் குறைத்து இருபுறமும் பாருங்கள். 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில், கேட் மூடப்படாமல் இருந்தபோது கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்ததை மறக்க முடியுமா?

* கடக்கும்போது இயர்போனைக் கழற்றிவிடுங்கள். நடுவில் கியர் மாற்ற வேண்டாம். தண்டவாளத்தின் அந்தப் பக்கம் வண்டி முழுதாக நிற்க இடம் இருந்தால் மட்டுமே உள்ளே நுழையுங்கள்.

* ஒரு ரயில் போனவுடன் பாய வேண்டாம். இரட்டைப் பாதை என்றால் அடுத்த தடத்தில் இன்னொன்று வரலாம்.

* வண்டி தண்டவாளத்தில் சிக்கிக்கொண்டால் வண்டியை மறந்துவிடுங்கள். எல்லோரும் உடனே இறங்கித் தண்டவாளத்தைவிட்டு விலகுங்கள். ரயில் வந்துகொண்டிருந்தால், அது வரும் திசையை நோக்கியே பக்கவாட்டில் சாய்வாக ஓடுங்கள். ரயில் போகும் திசையில் ஓடினால், மோதிச் சிதறும் வண்டியின் பாகங்கள் உங்கள் மேல் விழும்.

* பக்கத்தில் கேட் கீப்பர் இருந்தால் உடனே சொல்லுங்கள். 139 என்ற ரயில்வே உதவி எண்ணையும் அழைக்கலாம்.

பெரக்கரை நாட்டில் இருந்து பையன் பைக்கை எடுக்கும்போது, அம்மா வாசலில் நின்று "வளைவுல பாத்துப் போ சாமி" என்று சொல்லாமல் அனுப்ப மாட்டார். இனி அதோடு ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லலாம். "கீழ ரயில் கேட்டுல நின்னு போ."

கேட் திறக்க ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகட்டும். சாயங்காலம் அந்த 70 வளைவும் ஏறி வீடு வந்து சேர வேண்டுமே!