மருத்துவ ஆராய்ச்சி ஏடுகளின் நோக்கமும் எல்லையும்

"ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்னும் சொற்றொடர் இன்று நம் இல்லங்களில் புழங்குவதுபோல் முன்னெப்பொழுதும் புழங்கியதில்லை. சர்க்கரை நோய்க்கு ஒரு விதை, மூட்டு வலிக்கு ஓர் எண்ணெய், மாரடைப்பைத் தடுக்க ஒரு கஷாயம் என்று ஊரிலிருந்து உறவினர் தெரிவிக்கிறார். கைப்பேசியில் செய்தி வருகிறது. மாடி வீட்டு அம்மாள் சொல்லுகிறார். சொந்த ஊரில் வாழ்வோர்க்கு இரண்டு தலைமுறையாகப் பழகிய வைத்தியர் ஒருவர் பெரும்பாலும் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தெளியலாம். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நமக்கு அந்த வசதி குறைவு. ஆதலின், "அந்த ஆராய்ச்சி எந்த ஏட்டில் வெளிவந்தது?" என்று கேட்கத் தெரிந்திருப்பது நமக்குச் சற்று அதிகமாகவே வேண்டியிருக்கிறது. விடையாக ஓர் ஏட்டின் பெயர் கிடைத்தால், அதில் முதலில் நோக்க வேண்டிய பகுதி எது என்பதைக் கூறுவதே இக்கட்டுரை.

மருத்துவ ஆராய்ச்சி ஏடு எதுவாயினும், "நோக்கமும் எல்லையும்" என்ற தலைப்பில் ஒரு சிறு அறிவிப்பைத் தாங்கியிருக்கும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து வரிகளுக்கு மேற்படாது. படிப்பதற்குச் சுவையற்றது, நம் சங்கங்களின் விதிமுறைப் புத்தகத்தைப் போல, சச்சரவு எழுந்தாலன்றி ஒருவரும் அதைத் திறப்பதில்லை. ஆயினும் அவ்வரிகளில் இன்றியமையாத செய்திகள் அடங்கியுள்ளன. இவ்வேடு எந்த நோயை, எந்த உறுப்பை, எந்த வயதினரைப் பற்றியது. புதிய ஆய்வின் முடிவுகளையா, தனி நோயாளி ஒருவரைப் பற்றிய குறிப்பையா, முன்வந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கட்டுரையையா, எவற்றை ஏற்கும். எவற்றைத் திருப்பி அனுப்பும். யாருடைய மேசைக்குச் செல்ல வேண்டுமென்று நடத்தப்படுகிறது என்பனவெல்லாம் அங்கே கூறப்பட்டிருக்கும்.

இவ்வாறு வரம்பு கட்டும் வழக்கம் தொடக்கத்திலேயே தோன்றியதன்று. பாஸ்டன் நகரில் 1812-இல் தொடங்கி இன்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல்' என்று அழைக்கப்படும் ஏடும், லண்டனில் தாமஸ் வேக்லி என்ற அறுவை மருத்துவர் 1823-இல் தொடங்கிய 'லான்செட்'டும் மருத்துவம் முழுவதையும் தமக்குரியதாகக் கொண்டவை. அக்காலத்தில் ஒரு மருத்துவர் எல்லாவற்றையும் படித்துவிட இயலும். அறிவு பெருகப் பெருக அது இயலாததாயிற்று. கண்ணுக்கு ஓர் ஏடு, இதயத்திற்கு ஓர் ஏடு, குழந்தைகளுக்கு ஓர் ஏடு என்று பிரிந்தன. நம் நாட்டிலும் அவ்வாறே. 1913-இல் 'இந்தியன் ஜர்னல் ஆப் மெடிக்கல் ரிசர்ச்' பொது ஏடாகத் தோன்றியது. தொழுநோய்க்கென்று 1929-லும், குழந்தை மருத்துவத்திற்கென்று 1933-லும், இதய நோய்க்கென்று 1949-லும், காசநோய்க்கென்று 1953-லும் தனித்தனி ஏடுகள் எழுந்தன. இந்த வரிசையைப் பார்த்தாலே, எந்தக் காலத்தில் எந்த நோய் நாட்டை அச்சுறுத்திற்று என்பது ஒருவாறு விளங்கும்.

எல்லை வகுப்பதன் பயன் இடவசதி மட்டுமன்று. ஏட்டிற்கு வரும் கட்டுரையைப் பதிப்பாசிரியர் தாமே முடிவு செய்துவிடுவதில்லை. அதே துறையில் ஆழ்ந்த பயிற்சியுடைய இருவர் அல்லது மூவர்க்கு அனுப்பி, அவர்கள் கருத்தைக் கேட்கிறார். இம்மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி இப்பணியைச் செய்கின்றனர். நோயாளிகளை எவ்வாறு தேர்ந்தார்கள், மருந்து பெறாதோர் எத்தனை பேர், இடையில் விலகியவர்கள் என்ன ஆனார்கள், கணக்கு சரியா என்று துருவித் துருவிக் கேட்கின்றனர். கண் மருத்துவ ஏட்டிற்கு நுரையீரல் பற்றிய கட்டுரை வந்தால், இக்கேள்விகளைக் கேட்க அங்கே தகுந்த ஆள் இல்லை. ஆகவே, தன் எல்லைக்குள் நிற்கும் ஏடு, தான் சோதிக்கக்கூடியதை மட்டுமே அச்சிடுவதாக நமக்கு வாக்களிக்கிறது என்று கொள்ளலாம்.

இதனை விளக்குவதற்குச் சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சியைக் காட்டிலும் பொருத்தமான சான்று கிடைப்பதரிது. பழைய தலைமுறையினர் க்ஷயம் என்ற சொல்லைத் தாழ்ந்த குரலிலேயே சொல்லுவர். ஒரு வீட்டில் அந்நோய் புகுந்ததென்றால், நோயாளியைச் சானடோரியத்திற்கு அனுப்புவதே முறையாக இருந்தது. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது. குடும்பத் தலைவர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கே படுத்திருந்தால், வீட்டில் அடுப்பு எரிவது எவ்வாறு? அனுப்பாமல் வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமே என்ற அச்சம் வேறு. அதோடு, நாட்டிலிருந்த படுக்கைகளோ நோயாளரில் மிகச் சிறிய பகுதியினர்க்கே போதுமானவை.

ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தின் பயனை நிறுவிய சோதனை 1948-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் வெளிவந்திருந்தது. அதில் 107 நோயாளிகள், எந்தப் பிரிவு யாருக்கு என்பதைத் தற்செயல் எண்களுக்கே விட்டு, இரு பிரிவாக்கப்பட்டனர். ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். மருந்து உண்டு என்பது தெளிவாயிற்று. மருந்து இருக்கும்போது படுக்கையும் நல்லுணவும் மலைக்காற்றும் எவ்வளவு தேவை என்பதே எஞ்சி நின்ற கேள்வி.

அக்கேள்வியை ஆராய்வதற்கென்றே 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் பங்கு கொண்டன. நகரின் ஏழை மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளிலிருந்து வந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியம் சென்றனர். மற்றவர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராரும் உட்கொண்டவை ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரண்டு மருந்துகளே. காலமும் அதே ஓராண்டே. சானடோரியத்தில் இருந்தோர்க்குப் படுக்கை ஓய்வும், காற்றோட்டமும், மேலான உணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர் ஓர் அறையில் பலரோடு படுத்தனர், கிடைத்ததை உண்டனர், பலர் வேலைக்கும் சென்றனர். மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுகிறார்களா என்பதறிய, முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர். இந்தக் கண்காணிப்பு இல்லையேல் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஓராண்டு முடிவில் நோய் அடங்கியோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர்; வீட்டில் 86 பேர். வேறுபாடு சிறிதே. முடிவுகள் 1959-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் 'புல்லட்டின்' ஏட்டில் தொண்ணூறு பக்கங்களுக்கு மேல் அச்சாயின. வீடே சிறந்தது என்று அக்கட்டுரை முழங்கவில்லை. ஆறு விழுக்காட்டுக் குறைவையும் மறைக்கவில்லை. பின்னர், நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1966-இல் அதே ஏட்டில் மற்றொரு கட்டுரை வந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தினர்க்கு, சானடோரியம் சென்றோரின் குடும்பத்தினரைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை என்று அது காட்டிற்று. தொற்றின் பெரும்பகுதி, நோய் கண்டுபிடிக்கப்பட்டு மருந்து தொடங்குமுன்பே நேர்ந்துவிடுகிறது என்பதே காரணம்.

இங்கே ஏட்டின் எல்லையைக் கவனிக்க வேண்டும். நுரையீரல் நோயை மட்டும் பேசும் ஏடொன்றில் இது வந்திருந்தால், மார்புநோய் நிபுணர்கள் படித்திருப்பர். 'புல்லட்டின்' ஏட்டின் நோக்கமோ பொதுமக்கள் சுகாதாரம். அதைப் படிப்போர் பல நாட்டுச் சுகாதார அதிகாரிகள். படுக்கை கட்டப் பணமில்லாத நாடுகள் நோயாளிகளை எவ்வாறு காப்பது என்ற கேள்விக்கு விடை வேண்டியிருந்தவர்கள் அவர்களே. 1962-இல் இந்திய அரசு தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டே அமைந்தது. குடும்பத் தலைவர் வீட்டிலிருந்தபடியே பிழைக்கலாம் என்ற உறுதி, எத்தனையோ இல்லங்களைச் சிதறாமல் காத்தது.

நல்ல ஏடுகளும் தவறுவதுண்டு. 1998-இல் லான்செட் ஏட்டில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பாரும் பிறரும் 12 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, தட்டம்மை முதலிய மூன்று நோய்களுக்கான தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்னும் மனவளர்ச்சிக் கோளாற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தைக் கிளப்பியது. பெற்றோர் பலர் தடுப்பூசியை மறுத்தனர். பல இலட்சம் குழந்தைகளை வைத்து நடந்த பின்னாளைய ஆய்வுகள் அத்தொடர்பு இல்லையென்று காட்டின. குற்றங்கள் வெளிப்பட்டபின் லான்செட் அக்கட்டுரையை 2010-இல் முற்றிலும் விலக்கிக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுத் தாமதம் பெரிய குறையே. எனினும், தன் தவற்றைத் தானே அச்சிட்டு அறிவிக்கும் கடமை ஆராய்ச்சி ஏட்டிற்கு உண்டு. கைப்பேசிச் செய்திக்கு அது இல்லை. அச்செய்தி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது!

வேறொரு தீங்கும் இருந்தது. மருந்து பயன் தரவில்லை என்று முடிந்த சோதனைகள் அச்சேறாமலே மறைந்துவிடும். இதனைத் தடுக்க, முன்னணி ஏடுகளின் பதிப்பாசிரியர்கள் ஒன்றுகூடி, சோதனையைத் தொடங்குமுன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்திராவிடில் அதன் கட்டுரையை ஏற்பதில்லை என்ற விதியை 2005 முதல் நடைமுறைப்படுத்தினர். இந்தியாவுக்கென்று அத்தகைய பதிவேடு 2007-இல் திறக்கப்பட்டது. 2009 முதல் புது மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயமாயிற்று. எவரும் அதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

போலி ஏடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்குவது மட்டுமே போலிக்கு அடையாளமன்று. நேர்மையான ஏடுகள் பலவும் வாங்குகின்றன. ஆனால் மதிப்பீடு நடந்ததாகப் பொய் சொல்லி, பணம் வந்தவுடன் எதையும் அச்சிடும் நிறுவனங்கள் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பெரிய வெளியீட்டு நிறுவனம் ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டுமென்று 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது இத்தகைய ஏமாற்றுக்காகவே. இவ்வேடுகளின் "நோக்கமும் எல்லையும்" பகுதியைப் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்படும். மருத்துவம், வேளாண்மை, பொறியியல், வாணிபம் எல்லாம் ஒரே அட்டைக்குள். மூன்றே நாளில் வெளியிடப்படும் என்ற உறுதிமொழி வேறு. எல்லையில்லாத ஏட்டில் சோதிப்பார் யார்?

நம் வீட்டிற்கு வரும் செய்தி, ஏட்டின் பெயரையும் ஆண்டையும் தாங்கியிருந்தால், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் 'பப்மெட்' என்ற அட்டவணையில் தேடிப் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிட வேலை. எத்தனை பேரை வைத்துச் சோதித்தார்கள், மனிதர்களையா எலிகளையா, பின்னர் கட்டுரை விலக்கப்பட்டதா என்பன அங்கே தெரியும். அட்டவணையில் இருப்பதனாலேயே ஒரு கட்டுரை மெய்யாகிவிடாது. மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ பார்த்துவரும் டாக்டரைக் கேட்டே செய்யத்தக்கது. அந்தத் தாளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதில் கூச்சம் வேண்டியதில்லை.

சென்னை ஆராய்ச்சி நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்குகிறது. நோயைக் குணப்படுத்த மருந்தே முதன்மை, மேலான உணவு இன்றியும் குணமாகலாம் என்று 1959-இல் அது காட்டியதல்லவா? உணவைப் பற்றிய கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. வீட்டிலுள்ள மற்றவர்க்கு நோய் வராமல் தடுக்க உணவு உதவுமா என்பதை அந்நிறுவனமும் பிறரும் சேர்ந்து ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் ஆராய்ந்தனர். 2,800 நோயாளிகளின் குடும்பத்தினர் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவில் நோயாளிக்கு மட்டும் உணவுப்பொருள். மற்றொன்றில் குடும்பத்தார் அனைவர்க்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரைகளும். அவ்வாறு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டோர் தொகை மற்றப் பிரிவைவிட நூற்றுக்கு 39 பங்கு குறைந்திருந்தது. 2023 ஆகஸ்டில் அம்முடிவு லான்செட் ஏட்டில் வெளியாயிற்று.