வழிகாட்டியோடு வந்த கடிதம்

எதிரிக்குச் சவால் விட்டுக் கடிதம் எழுதியவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஆனால், 'என்னைத் தேடி வரும்போது வழி தெரியாமல் நீ திண்டாடக்கூடாது, அதனால் இந்த ஆளையும் கூட அனுப்புகிறேன்' என்கிற தினுசில் எழுதிய மனுஷன் எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர்தான். பெயர் யாங்கா. வருஷம் 1609. இடம் மெக்ஸிகோ.

அப்போது அந்த நாடு ஸ்பெயின்காரர்கள் கையில். கரும்புத் தோட்டங்களில் முதுகொடிய வேலை பார்க்க, ஆப்பிரிக்காவிலிருந்து ஜனங்களைப் பிடித்துக் கப்பல் கப்பலாக வெராக்ரூஸ் துறைமுகத்தில் இறக்கினார்கள். அடி தாங்காமல் மலைக்கு ஓடியவர்களுக்கு எஜமானர்கள் வைத்த பெயர் 'சிமரோன்'. அது முதலில் எதற்கு வைத்த பெயர் தெரியுமோ? கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிக் காட்டில் திரிகிற மாட்டுக்கு! மனுஷனுக்கும் அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

யாங்கா ஓடியது 1570 வாக்கில். ஒரிஸாபா மலைப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் சிக்கவில்லை. துறைமுகத்திலிருந்து தலைநகருக்குப் போகிற சரக்கை மறிப்பது, தோட்டங்களில் புகுந்து அள்ளுவது... கொள்ளைதான், மழுப்புவானேன்! கடிதத்தில் அதற்கும் பதில் இருந்தது. எங்களுக்கு நியாயமாக வரவேண்டியதை நீங்கள் தரவில்லை, நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று.

1609 ஜனவரியில் பெட்ரோ கொன்ஸாலெஸ் தெ எரெரா என்ற தளபதி சுமார் 550 பேரோடு கிளம்பினார். அதற்குள் யாங்காவின் ஆட்கள் ஒரு ஸ்பெயின்காரரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நடுங்கிக்கொண்டு நின்றவரிடம் கிழவர், "என் முகத்தைப் பார்த்துவிட்டாய் அல்லவா? இனி உனக்குச் சாவு பயம் வேண்டாம்" என்கிற அர்த்தத்தில் சொல்லி, கையில் கடிதத்தைக் கொடுத்து அனுப்பினாராம். ரஜினி படத்தில் வந்திருந்தால் விசில் பறந்திருக்கும்!

படையோடு கூடவே போன ஒரு பாதிரியார் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். மேலே போய்ப் பார்த்தால் கொள்ளைக்கூட்டத்தின் குகை இல்லை, ஊர்! சுமார் அறுபது குடிசை. சோளம், பீன்ஸ், பூசணி, சர்க்கரைவள்ளி, பருத்தி. பாதிப் பேர் விவசாயம், மீதிப் பேர் காவல். சண்டைக்குத் தலைமை ஃபிரான்சிஸ்கோ என்ற அங்கோலாக்காரர். யாங்காவோ வயதாகிவிட்டபடியால் பெண்களோடு கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிப் பிரார்த்தனையில் இருந்தார்.

குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஜனங்கள் இன்னும் உள்ளே, காட்டுக்குள் போய்விட்டார்கள். துரத்தித் துரத்திப் பார்த்தும் ஒழிக்க முடியவில்லை. கடைசியில் பேச்சுவார்த்தை.

யாங்கா கேட்டவை: எங்களுக்கென்று ஒரு ஊர். அதற்கு நானே கவர்னர், எனக்குப் பின் என் வாரிசுகள். சந்தை நாள் தவிர ஸ்பெயின்காரர் யாரும் ஊரில் இருக்கக்கூடாது. 1608 செப்டம்பருக்கு முன் ஓடிவந்த அத்தனை பேருக்கும் விடுதலை. ஆகா, என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த ஷரத்தைப் படித்ததும் புஸ்ஸென்றாகிவிட்டது. அந்தத் தேதிக்கப்புறம் ஓடிவருகிறவர்களைப் பிடித்து எஜமானர்களிடமே ஒப்படைத்துவிடுவோம் என்கிறது அது!

ஆபீஸில் இதைச் சொன்னேன். பக்கத்து சீட்டு நண்பர் கொதித்தார்: "என்ன சார், காட்டிக்கொடுக்கறதுக்கு ஒப்பந்தமா?" எனக்கு அப்படிச் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. எரிந்த குடிசைகள், கைக்குழந்தைகள், தள்ளாத வயசு. அந்த ஒரு வரி இல்லாமல் வைஸ்ராய் கையெழுத்துப் போட்டிருப்பாரா? சந்தேகம்தான். ஆனாலும் உறுத்துகிறது. எங்கள் ஆபீஸிலேயே குறிப்பிட்ட தேதிக்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் பென்ஷன் என்று முடிவானபோது, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற பையன்களின் முகம் ஞாபகம் வந்தது. (பழைய ஆட்களில் நானும் ஒருத்தன். வாயைத் திறக்கவில்லை.)

ஊர் கிடைத்தது. சான் லொரென்ஸோ என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விசென்டே ரிவா பலாசியோ என்ற எழுத்தாளர்தான் பழைய தஸ்தாவேஜுகளைக் கிளறி யாங்கா கதையை மறுபடி வெளியே கொண்டுவந்தார். இவருடைய தாத்தா, ஆப்பிரிக்க ரத்தம் கலந்த விசென்டே கெரேரோ. மெக்ஸிகோவின் ஜனாதிபதியாக இருந்து 1829-ல் அடிமை முறையை ஒழித்து ஆணை போட்டவர்! 1932-ல் ஊரின் பெயரையே யாங்கா என்று மாற்றிவிட்டார்கள். அங்கே அவருக்குச் சிலையும் இருக்கிறது.

எனக்கென்னவோ, 1608 அக்டோபரில் தோட்டத்திலிருந்து தப்பி, யாங்காவின் பெயரை மட்டும் நம்பி, ராத்திரியோடு ராத்திரியாக அந்த மலை ஏறியிருக்கக்கூடிய ஒருத்தன் நினைப்பாகவே இருக்கிறது.