குச்சி நிழலில் பூமியை அளக்கலாம்

செய்து பார்ப்போம் – 9

சித்திரை பிறந்த ஓரிரு நாளில், மதியம் 12.17 மணிக்கு மதுரைக் காளவாசல் சிக்னலில் நிற்பவருக்கு ஒதுங்க ஒரு கம்பத்து நிழல்கூடக் கிடைக்காது. தேனி ரோட்டு விளக்குக் கம்பம் முதல் டீக்கடை வாசலில் கவிழ்த்து வைத்த டம்ளர் வரை எல்லாமே தன் நிழலைத் தன் காலடியில் மிதித்துக்கொண்டு நிற்கும். நிழலில்லா நாள் என்பது இதுதான். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9.9 டிகிரியில் இருக்கிறது. அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் 27-ஐ ஒட்டியும், சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது.

"12 மணிக்குத்தானே சார் உச்சி வெயில்?" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்பான். கேட்கட்டும். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. மதுரை அதற்கு மேற்கே ஏறத்தாழ 4.4 டிகிரி தள்ளி இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிஷம் என்றால், நமக்கு உச்சிப்பொழுது 17 நிமிஷம் பிந்தி வரும். 12 மணிக்கு அளந்தால் ஒரு மீட்டர் குச்சிக்கு மேற்கே ஏழரை சென்டிமீட்டர் நிழல் கிடக்கும். புவியியல் பாடத்தில் மனப்பாடம் செய்த வரி, பள்ளி மைதானத்தில் ஸ்கேலுக்கு அடியில் வந்து நிற்கிறது.

அடுத்து, அதே நாளில் சென்னைப் பள்ளி ஒன்றுக்கு போன் போடுங்கள். அங்கே உச்சிப்பொழுது எட்டு ஒன்பது நிமிஷம் முன்னதாகவே வந்துவிடும். அப்போது ஒரு மீட்டர் குச்சிக்கு வடக்கே சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் நிழல் விழும். கோணக் கணக்கில் அது 3.15 டிகிரி. இரண்டு ஊருக்கும் நேர் வடக்கு தெற்காக இடைவெளி ஏறக்குறைய 350 கிலோமீட்டர். 3.15 டிகிரிக்கு 350 என்றால் 360 டிகிரிக்கு? 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு வந்துவிட்டது. 2,200 ஆண்டுகளுக்கு முன் எரடோஸ்தனிஸ் எகிப்தின் அலெக்சாந்திரியாவையும் இன்றைய அஸ்வானையும் வைத்துப் போட்ட கணக்கும் இதேதான்.

ஆனால் முதல் தடவையே 40,000 வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நிழலின் நுனி கத்தி வைத்து வெட்டியது போல இருக்காது. சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் நுனி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டருக்குக் கலங்கித் தெரியும். 5 என்று குறித்தவருக்குப் பூமி 44,000 கிலோமீட்டராக ஊதிவிடும். 6 என்று குறித்தவருக்கு 36,700 ஆகச் சுருங்கிவிடும். 350-க்குப் பதில் சாலைத் தூரமான 460-ஐப் போட்டவர் 52,000-ஐத் தாண்டியிருப்பார். பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எதனால் மாறியது, எப்படிச் சரிசெய்வது? குச்சி உச்சியில் ஊசித்துளை போட்ட அட்டையைக் கட்டினால், தரையில் சின்ன வட்டமாகச் சூரியன் விழும். அதன் நடுவைக் குறித்தால் கலங்கல் தொல்லை பெருமளவு தீரும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது.

நம் ரெக்கார்டு நோட்டில் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். ஆனால் விடை முன்கூட்டியே தெரிந்த சோதனையில், பிள்ளை செய்வது விடைக்கு ஏற்ற அளவைத் தேடுவதுதான். ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கும்போது 9.6 வந்தால் அழித்துவிட்டு 9.8 எழுதுகிறது. 2022 நவம்பர் 28-ல் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், கருத்தாளர்கள் கையில் கருவிகளைக் கொடுத்து அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. நல்ல காரியம். ஆனால் அது 6 முதல் 8-ம் வகுப்பு வரைக்கும்தான். அளவும் பிழையும் புரியத் தொடங்கும் ஒன்பதிலும் பத்திலும் பிள்ளைகள் மறுபடி நோட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், தேர்வையே மாற்றியது. புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே வேலை இல்லை. 2002-ல் அரசு அதை நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்தத் தேர்வு முறை நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

25 மதிப்பெண்ணில் ஐந்தையாவது 'என் அளவு ஏன் மாறியது' என்ற ஒரு பக்கத்துக்கு ஒதுக்கலாம். 44,000 என்று எழுதிவிட்டுக் காரணமும் சொல்கிற பிள்ளைக்கு அந்த ஐந்தும் முழுசாகக் கிடைக்க வேண்டும். ஏப்ரலில் பரீட்சையும் விடுமுறையும் குறுக்கே வரும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும், மேகம்தான் வில்லன். 27-க்கு முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பள்ளி கிடைக்காவிட்டால் அங்கே இருக்கும் அத்தை வீட்டு மொட்டைமாடி போதும்.

(அடுத்த வாரம்: 9.6 வந்த ஊசலில் எங்கே பிழை?)